பிரஸ்ஸுக்கு ஏர் ஃபீடரா, சர்வோ ஃபீடரா? இரண்டையும் ஓட்டிய அனுபவம்

பிரஸ் என்பது தகட்டை டையில் வைத்துக் குத்திப் பாகமாக்கும் மெஷின். அதன் ஒவ்வொரு ஸ்ட்ரோக்குக்கும் நீளத் தகட்டை, அதாவது ஸ்ட்ரிப்பை, வேண்டிய தூரம் டைக்குள் தள்ளுவதுதான் ஃபீடர். எங்கள் பிரஸ் ஷாப்பில் இரண்டு ஃபீடர்கள் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன. 25 டன் சி-ஃபிரேம் பிரஸ்ஸில் காற்றில் இயங்கும் கிரிப்பர் ஃபீடர். பேச்சில் ஏர் ஃபீடர். 80 டன் பிரஸ்ஸில் சர்வோ மோட்டார் வைத்த ரோல் ஃபீடர். முதலாவது வந்து ஒன்பது வருடம், இரண்டாவது வந்து நான்கு வருடம். நான் டூல் ரூமில் டை செய்து பழகியவன். பிரஸ் ஷாப் பொறுப்பு அப்புறம்தான் வந்தது. ஃபீடர் ஒரு தடவை தவறினால் தகட்டைக் குத்தும் பஞ்ச் உடையும்; அதை அரைத்துக் கொடுக்கும் வேலையும் என்னிடமே வரும். அதனால் இந்த இரண்டைப் பற்றியும் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு.

முதலில் ஏர் ஃபீடர். பெட்டியைப் பிரித்தபோது இவ்வளவு சின்னதா என்றுதான் தோன்றியது. ஒரு ஆள் தனியாகத் தூக்கிப் பிரஸ்ஸின் பக்கவாட்டில் பொருத்திவிடலாம். உள்ளே இரண்டு கிளாம்ப். ஒன்று நிலையானது, மற்றொன்று சிலிண்டரோடு முன்னும் பின்னும் ஓடுவது. பிரஸ்ஸில் மேலும் கீழும் போய்வரும் பாகமான ராமில் ஒரு தட்டு பொருத்துகிறோம். ராம் இறங்கும்போது அது ஃபீடரின் வால்வுத் தண்டை அமுக்கும். அப்போது நிலையான கிளாம்ப் ஸ்ட்ரிப்பைப் பிடித்துக்கொள்ள, ஓடும் கிளாம்ப் கையை விட்டுவிட்டுப் பின்னால் போகும். ராம் ஏறியதும் வால்வு விடுபடும், ஓடும் கிளாம்ப் ஸ்ட்ரிப்பைக் கவ்வி முன்னால் கொண்டுவரும். ஸ்டாப்பரில் முட்டி நிற்கும். அவ்வளவுதான். கரண்ட் வேண்டாம், புரோகிராம் வேண்டாம். எவ்வளவு தூரம் தள்ள வேண்டும் என்பதை ஒரு திருகும் ஒரு லாக் நட்டும் தீர்மானிக்கின்றன.

இந்த எளிமையை நான் உண்மையாகவே மதிக்கிறேன். ஒன்பது வருடத்தில் அதை நான்கு தடவை பிரித்திருக்கிறோம். ஒவ்வொரு தடவையும் ஓ-ரிங், சீல் இவைதான். சர்க்கிளிப்பைக் கழற்றத் தெரிந்த எந்தப் பையனும் அரை மணி நேரத்தில் மாற்றிவிடலாம். எங்கள் ஆபரேட்டர் ஒருவருக்கு அதன் சத்தமே போதும். "அண்ணே, ‘டக்’னு முட்டற சத்தம் மாறிப் போச்சு, குஷன் போயிடுச்சு போல" என்பார். போய்ப் பார்த்தால் ரப்பர் குஷன் தேய்ந்திருக்கும்.

அதில் ஓடுவது ஒரே வேலை. 0.8 மி.மீ. தகட்டில் 22 மி.மீ. பிட்ச் (ஒரு ஸ்ட்ரோக்குக்கு ஸ்ட்ரிப் நகரும் தூரம்), ஒரே ஸ்ட்ரிப்பில் படிப்படியாக வேலை செய்யும் நாலு ஸ்டேஷன் ப்ரோக்ரசிவ் டை, நிமிடத்துக்கு 90 ஸ்ட்ரோக். அந்த வேலைக்கு அதைவிட நல்ல ஃபீடரை நான் கேட்கவில்லை.

சிக்கல் தொடங்கியது அதே ஃபீடரில் நீளமான பிட்ச்சை ஓட்டப் பார்த்தபோது. 80 மி.மீ. பிட்ச் வேலை ஒன்று வந்தது. ஃபீடரின் அதிகபட்ச நீளம் 80 என்று தகடு ஒட்டியிருந்தது, சரி, ஓட்டலாம் என்று ஏற்றினோம். ஓடியது, ஆனால் நிமிடத்துக்கு 50ஐத் தாண்டியதும் ஸ்டாப்பரில் இடிக்கும் விசையில் ஃபீடரே குலுங்கியது. 80 மி.மீ. போனால் 80 மி.மீ. திரும்பியும் வர வேண்டும் அல்லவா? ஒவ்வொரு ஸ்ட்ரோக்கிலும் பாதி நேரம் வெறுங்கையோடு திரும்புவதில் போய்விடுகிறது. வேகத்தை ஏற்றினால் ஓடும் கிளாம்ப் முழு வேகத்தில் வந்து முட்டும். வேகம் இரண்டு மடங்கானால் இடிக்கும் ஆற்றல் நான்கு மடங்கு. முட்டித் துள்ளும்போது பிட்ச் ஒரு சமயம் கூடும், ஒரு சமயம் குறையும். கேட்டலாக்கில் அதிகபட்ச வேகம் ஒரு கட்டத்திலும் அதிகபட்ச நீளம் இன்னொரு கட்டத்திலும் இருக்கும். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து ஓட்ட முடியாது. நீளத்துக்கு எதிராக வேகம் போட்ட வரைபடம் ஒன்று தயாரிப்பாளரிடம் இருக்கும். அதைக் கேட்டு வாங்கிப் பார்க்காமல் ஏர் ஃபீடர் வாங்கக் கூடாது.

இனி நான் மறக்காத அந்த இரவு. ஏர் ஃபீடருக்குக் காற்று 5.5 பார் வைத்திருந்தோம். கம்ப்ரசர் ஷாப் முழுவதற்கும் ஒன்றுதான். வேறொரு பகுதியில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஏர் கன்னால் பாகங்களை ஊதிச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். லைனில் அழுத்தம் 4 பாருக்குக் கீழே இறங்கியது. ஃபீடர் நிற்கவில்லை. மெதுவாகத் தள்ளியது, அவ்வளவுதான். ஸ்டாப்பரைத் தொடுவதற்கு 3 மி.மீ. மிச்சமிருக்கும்போதே ராம் இறங்கிவிட்டது. ஸ்ட்ரிப்பில் ஏற்கெனவே போட்ட ஓட்டையில் நுழைந்து அதை இடத்தில் நிறுத்தும் கூம்பு முனைக் குச்சிதான் பைலட். அது தன் ஓட்டையைக் காணாமல் தகட்டையே குத்தியது. பியர்சிங் பஞ்ச் பாதித் தகட்டிலும் பாதி ஓட்டையிலும் இறங்கி ஒருபக்கமாக வளைந்து உடைந்தது. அடுத்த ஸ்ட்ரோக்கில், தகட்டை அமுக்கிப் பிடிக்கும் ஸ்ட்ரிப்பர் பிளேட்டிலும் கீறல். ஆபரேட்டர் கவனக்குறைவாக இருக்கவில்லை. 90 ஸ்ட்ரோக்கில் ஓடும் பிரஸ்ஸை எந்த மனிதக் கண்ணும் அந்த வேகத்தில் பிடித்து நிறுத்த முடியாது.

அதற்குப் பிறகு மூன்று வேலை செய்தோம். ஃபீடருக்குப் பக்கத்திலேயே ஒரு சின்னக் காற்றுத் தொட்டி, அதன் வாயில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு. லைனில் அழுத்தம் இறங்கினாலும் தொட்டியில் இருப்பது திரும்பிப் போகாது. இரண்டாவது, தொட்டியில் ஒரு பிரஷர் ஸ்விட்ச். 5 பாருக்குக் கீழே போனால் பிரஸ் கிளட்ச் எடுக்காது. மூன்றாவதுதான் முக்கியம். டையின் வெளியேறும் முனையில் ஒரு சென்சார். ஸ்ட்ரிப்பின் முனை ஒவ்வொரு ஸ்ட்ரோக்கிலும் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்ததா என்று அது பார்க்கும். வரவில்லை என்றால் பிரஸ் நிற்கும். இந்த மூன்றும் ஃபீடரோடு வருவதில்லை, நாம்தான் சேர்க்க வேண்டும்.

காற்றின் தரத்தையும் சொல்லிவிடுகிறேன். ஈரம் கலந்த காற்று வந்தால் வால்வு ஸ்பூல் ஒட்டும், சிலிண்டர் சுவரில் துரு பிடிக்கும். ஃபில்டர், ரெகுலேட்டர், லூப்ரிகேட்டர் மூன்றும் ஃபீடருக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். தினமும் காலையில் ஃபில்டர் கிண்ணத்தின் தண்ணீரைத் திறந்துவிடுவது எங்கள் ஷிஃப்ட்டின் முதல் வேலை.

அப்புறம் செலவு. ஏர் ஃபீடர் வாங்கும்போது மலிவு, உண்மைதான். ஆனால் காற்று இலவசம் என்று நினைக்கிறவர்களுக்காக ஒரு கணக்கு. 40 மி.மீ. விட்டமுள்ள சிலிண்டர், 100 மி.மீ. ஓட்டம், 6 பார் அழுத்தம். ஒரு தள்ளலுக்கு சிலிண்டர் கொள்ளளவு ஏறக்குறைய 126 கன சென்டிமீட்டர். அதை 6 பாருக்கு நிரப்ப, வெளிக்காற்றுக் கணக்கில் ஏழு மடங்கு வேண்டும்; அதாவது சுமார் 0.9 லிட்டர். போக வர என்றால் 1.7 லிட்டருக்கு மேல். நிமிடத்துக்கு 60 ஸ்ட்ரோக்கில் 100 லிட்டரைத் தாண்டும். கிளாம்ப் சிலிண்டர்கள் எடுப்பது தனி. 1000 லிட்டர் காற்றை ஒரு நிமிடத்தில் அழுத்தித் தர ஒரு சாதாரண ஸ்க்ரூ கம்ப்ரசருக்கு 6 முதல் 7 கிலோவாட் ஆகும். ஆக இந்தச் சின்ன ஃபீடர் ஓடும் நேரமெல்லாம் கம்ப்ரசரில் முக்கால் கிலோவாட் போய்க்கொண்டிருக்கிறது. சர்வோ மோட்டார் தள்ளும் நொடியில் மட்டும் இழுக்கும், மற்ற நேரம் சும்மா நிற்கும். ஒரு ஷிஃப்ட் ஓடும் பிரஸ்ஸில் இது பெரிய வித்தியாசமாகத் தெரியாது. மூன்று ஷிஃப்ட் ஓடினால் தெரியும். ஒழுகும் காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை மெஷின் எதுவும் ஓடாதபோது கம்ப்ரசர் எத்தனை தடவை லோடு எடுக்கிறது என்று நின்று கேட்டால் உங்கள் ஷாப்பின் ஒழுகல் எவ்வளவு என்று புரிந்துவிடும்.

சரி, சர்வோவுக்கு வருவோம்.

இதில் ஓடிப்போய்த் திரும்பி வரும் கிளாம்ப் கிடையாது. மேலே ஒரு ரோலர், கீழே ஒரு ரோலர், நடுவில் ஸ்ட்ரிப். சர்வோ மோட்டார் ரோலரை வேண்டிய அளவுக்குச் சுற்றி நிறுத்துகிறது. எப்போது தள்ள வேண்டும் என்பதைப் பிரஸ்ஸின் கேம் ஸ்விட்ச் சொல்கிறது. வழக்கமாக ராம் மேல்பாதியில் இருக்கும் 180 டிகிரிக்குள், அதாவது 270 டிகிரியில் தொடங்கி 90 டிகிரிக்குள் தள்ளி முடிக்க வேண்டும். வெறுங்கையோடு திரும்பும் வேலை இல்லாததால் நீளம் இதற்குத் தடையே அல்ல. 300 மி.மீ. கூடத் தள்ளும், 5 மி.மீ.யும் தள்ளும். மெதுவாகத் தொடங்கி, வேகமெடுத்து, மெதுவாக நிற்பதால் இடியும் இல்லை.

ஆனால் வேகத்துக்கு விலை இங்கேயும் உண்டு. பிட்ச் 80 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 60 ஸ்ட்ரோக் என்றால் தள்ளக் கிடைப்பது அரை நொடி. பாதித் தூரம் வேகமெடுத்து பாதித் தூரம் குறைத்தால் முடுக்கம் வினாடி வர்க்கத்துக்குச் சுமார் 1.3 மீட்டர். 120 ஸ்ட்ரோக் என்றால் கால் நொடிதான், முடுக்கம் 5 மீட்டரைத் தாண்டுகிறது. வேகம் இரட்டிப்பு, முடுக்கம் நான்கு மடங்கு. மோட்டார் தாங்கும், ரோலரின் பிடி தாங்குமா என்பதுதான் கேள்வி.

பிடி தாங்காத கதையும் எங்களிடம் உண்டு. பளபளப்பான ஸ்டெயின்லெஸ் ஸ்ட்ரிப், 32 மி.மீ. பிட்ச். காயில், அதாவது தகட்டுச் சுருள், எண்ணெயில் நனைந்து வந்திருந்தது. திரையில் 32.00 என்று நிலையாகக் காட்டிக்கொண்டே இருந்தது. ஸ்ட்ரிப்போ 31.7தான் வந்துகொண்டிருந்தது. பைலட்டுகள் சில நூறு ஸ்ட்ரோக்குக்கு ஸ்ட்ரிப்பை இழுத்துச் சேர்த்துச் சமாளித்தன, பிறகு ஒன்று வளைந்தது. பாகத்தில் ஓட்டைகள் நீள்வட்டமாக இருப்பதைத் தரச் சோதனை மேசையில் பார்த்தபிறகுதான் எனக்கே புரிந்தது. என்கோடர் எண்ணுவது மோட்டார் சுற்றிய அளவை. ஸ்ட்ரிப் நகர்ந்த அளவை அது எங்கேயும் எண்ணுவதில்லை.

இந்த இரண்டு விபத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு ஒன்று தெளிவானது. ஏர் ஃபீடருக்கும் தகடு வந்து சேர்ந்ததா என்று தெரியாது, சர்வோவுக்கும் தெரியாது. காற்று குறைந்தால் அது குறைவாகத் தள்ளும், எண்ணெய் மிகுந்தால் இது வழுக்கும். அதனால் எந்த ஃபீடர் துல்லியம் என்று நான் இப்போது முதலில் கேட்பதில்லை. எந்த ஃபீடர் எப்படித் தவறும், அந்தத் தவறை என் ஷாப்பில் யார் எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிப்பார்கள் என்று கேட்கிறேன். டையின் முனையில் சென்சார் போடாமல் எந்த ஃபீடர் வாங்கினாலும் டை பணயத்தில்தான் ஓடுகிறது.

துல்லியம் பற்றிய பேச்சில் இன்னொன்று. கேட்டலாக்கில் ஒன்றுக்கு 0.02 மி.மீ., மற்றொன்றுக்கு 0.05 மி.மீ. என்று இருந்தால் எல்லோரும் முதலாவதைத்தான் காட்டுவார்கள். பைலட் உள்ள ப்ரோக்ரசிவ் டையில் ஸ்ட்ரிப்பைக் கடைசியாக இடத்தில் நிறுத்துவது பைலட்தான். ஃபீடர் பக்கத்தில் கொண்டுவந்து விட்டால் போதும், கூம்பு முனை ஓட்டைக்குள் நுழைந்து மீதியை இழுத்துக்கொள்ளும். அங்கே அந்த 0.03 வித்தியாசத்துக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதில் பொருளில்லை. பைலட் இல்லாத டையில்தான் கதை வேறு. ஒவ்வொரு பிட்ச்சிலும் 0.03 குறைந்தால் ஆறாவது ஸ்டேஷனுக்குப் போகும்போது 0.15 ஆகிவிடும். நீளத்துக்கு வெட்டும் வேலையில் ஃபீடர் தவறுவது அப்படியே பாகத்தின் அளவில் விழும். அந்த வேலைகளுக்கு சர்வோதான், யோசிக்கவே வேண்டாம்.

பைலட் நுழையும் நொடியில் ஃபீடர் ஸ்ட்ரிப்பை விட்டுவிட வேண்டும். விடாவிட்டால் பைலட்டும் ஃபீடரும் ஒரே ஸ்ட்ரிப்பை ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். ஏர் ஃபீடரில் ராம் தட்டின் உயரத்தை வைத்து இதைச் சரிசெய்கிறோம். கொஞ்சம் பொறுமை வேண்டும், அதிக நுணுக்கம் கிடைக்காது. வாங்கும்போது இரண்டு கிளாம்பும் ஒரு கணம் திறந்திருக்கும் மாடலா என்று கேட்டுக்கொள்ளுங்கள், எல்லா மாடலிலும் அது இருப்பதில்லை. சர்வோவில் மேல் ரோலர் எந்த டிகிரியில் தூக்க வேண்டும், எந்த டிகிரியில் இறங்க வேண்டும் என்று எண்ணாகவே கொடுக்கலாம். நான் செய்வது இது: பிரஸ்ஸை இன்ச்சிங்கில் மெதுவாக இறக்கி, பைலட் முனை ஓட்டையின் விளிம்புக்கு நேராக வரும் இடத்தில் நிறுத்தி, கிராங்க் கோணத்தைப் படித்துக்கொள்வேன். அதற்குச் சற்று முன்னாலேயே ரோலர் திறக்கும்படி எண்ணைப் போடுவேன். பைலட் முழுவதும் நுழைந்து ஸ்ட்ரிப்பர் பிளேட் அமுக்கிப் பிடித்திருக்கும்போதே ரோலர் மூடிவிட வேண்டும்; இல்லாவிட்டால் ஃபீடருக்குப் பின்னால் தளர்ந்து தொங்கும் ஸ்ட்ரிப் வளைவின், அதாவது லூப்பின், எடை ஸ்ட்ரிப்பைப் பின்னால் இழுத்துவிடும்.

எவ்வளவு முன்னால் என்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். எங்கள் ஃபீடரில் ரோலரைத் தூக்குவது ஒரு காற்று சிலிண்டர். (சர்வோ வாங்கினால் கம்ப்ரசரே வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள்.) வால்வுக்குக் கட்டளை போய் ரோலர் உண்மையில் தூக்க 25 மில்லி செகண்ட் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 ஸ்ட்ரோக்கில் அந்த நேரத்துக்குள் கிராங்க் 9 டிகிரி சுற்றியிருக்கும். 120 ஸ்ட்ரோக்கில் 18 டிகிரி. மெதுவாக ஓட்டி செட்டிங் செய்துவிட்டு வேகத்தை ஏற்றினால் ரோலர் தாமதமாகத் திறக்கும், பைலட் ஓட்டை நீளும். வேகத்தை மாற்றினால் கோணத்தையும் மாற்ற வேண்டும். மிக வேகமாக ஓட்டுகிறவர்கள் ராமின் அசைவாலேயே ரோலரைத் தூக்கும் மெக்கானிக்கல் ரிலீஸ் உள்ளதை வாங்குவது நல்லது.

சர்வோவின் பெரிய வரம் வேலை மாற்றத்தில் இருக்கிறது. 80 டன் பிரஸ்ஸில் பதினான்கு டைகள் மாறி மாறி ஏறுகின்றன. ஏர் ஃபீடராக இருந்தால் ஒவ்வொரு தடவையும் லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்டாப்பரை நகர்த்தி, துண்டு ஸ்ட்ரிப் ஓட்டி, வெர்னியரில் அளந்து, மறுபடி நகர்த்தி, அரை மணிக்கு மேல் போய்விடும். சர்வோவில் வேலை எண்ணைத் தட்டினால் பிட்ச், வேகம், ரோலர் கோணம் எல்லாம் வந்து உட்கார்ந்துவிடும். புது டைக்கு மட்டும் ஒரு தடவை சரிபார்க்கிறோம். பைலட் இல்லாமல் பத்து பிட்ச் தள்ளச் சொல்லி ஸ்ட்ரிப்பில் குறி வைத்து அளப்போம். 50 என்று கொடுத்து பத்துத் தள்ளலுக்கு 499.2 வந்தால் பிட்ச் 49.92தான் என்று பொருள், திரையில் 50.08 என்று மாற்றிவிடுவோம். ரோலர் தேயத் தேய இந்த எண் மாறும். அதனால் மாதத்துக்கு ஒரு தடவை அளந்து ஃபீடரின் பக்கத்திலேயே ஒரு அட்டையில் எழுதி வைக்கிறோம். அந்த அட்டையைப் பார்த்தாலே ரோலர் எந்த வேகத்தில் தேய்கிறது என்று தெரிகிறது.

வழுக்கலுக்கு நாங்கள் கண்ட வழிகளையும் சொல்கிறேன். ஸ்ட்ரிப்புக்கு எண்ணெய் பூசும் உருளை முதலில் ஃபீடருக்கு முன்னால் இருந்தது. அதை ஃபீடருக்கும் டைக்கும் நடுவில் மாற்றினோம். எண்ணெயோடு வரும் காயிலுக்கு ஃபீடர் வாயில் ஃபெல்ட் துண்டு வைத்துத் துடைக்கிறோம். முடுக்கத்தைக் குறைத்து, தள்ளும் கோணத்தை முடிந்தவரை அகலமாக்கினோம். ரோலர் அழுத்தத்தைக் கடைசியாகத்தான் கூட்டினோம், ஏனென்றால் அழுத்தம் கூடினால் அலுமினியம், பித்தளை போன்ற மென்மையான தகட்டில் தடம் விழும். இந்தத் தடம் விஷயத்தில் ஏர் ஃபீடரும் சளைத்ததல்ல. அதன் கிளாம்ப் கடித்த இடமும் தெரியும். யூரித்தேன் பட்டை வைத்தால் குறையும், ஆனால் அந்தப் பட்டை தேயும்.

பாதுகாப்பில் ஒரு வித்தியாசம் உண்டு. ஆபரேட்டர் கையை வைக்கும் இடம் என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டும். டை செட்டிங்கின்போது பிரஸ்ஸை இன்ச்சிங்கில் அங்குலம் அங்குலமாக நகர்த்துகிறோம். ராம் மெதுவாகப் போகிறது, ஏர் ஃபீடரும் மெதுவாகத்தான் போகும் என்று மனம் நம்பிவிடும். வால்வுக்கு மெதுவும் தெரியாது, வேகமும் தெரியாது. தண்டு ஒரு புள்ளியைத் தாண்டியதும் கிளாம்ப் முழு வேகத்தில் பாயும். கிளாம்புக்கும் ஸ்டாப்பருக்கும் நடுவில் விரல் இருந்தால் அவ்வளவுதான். எங்கள் ஷாப்பில் கவர் இல்லாமல் ஏர் ஃபீடர் ஓடக் கூடாது, கை வைக்கும் முன் காற்றை மூடி உள்ளிருக்கும் அழுத்தத்தையும் திறந்துவிட வேண்டும் என்று விதி. சர்வோவை ஜாக் பட்டனில் நத்தை வேகத்தில் நகர்த்தலாம், செட்டிங் செய்யும் ஆளுக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் அதன் கன்ட்ரோல் பெட்டியைத் திறப்பவர்கள் மெயினை அணைத்த உடனே கை வைக்கக் கூடாது. டிரைவின் உள்ளே கப்பாசிட்டரில் மின்சாரம் சில நிமிடம் தேங்கியிருக்கும். சார்ஜ் விளக்கு அணைந்து, டிரைவின் மேல் எழுதியிருக்கும் நேரம் கழியும்வரை காத்திருக்க வேண்டும்.

சர்வோ நின்றுபோனால் என்ன ஆகும் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். இரண்டாவது வருடம் என்கோடர் கேபிள் பிரஸ்ஸின் அதிர்வில் ஒரு தகட்டு விளிம்பில் உரசி உரசி உள்ளே அறுந்துவிட்டது. சில சமயம் வேலை செய்யும், சில சமயம் அலாரம் அடிக்கும். எங்கள் எலெக்ட்ரீஷியன் டிரைவைச் சந்தேகித்தார், நான் மோட்டாரைச் சந்தேகித்தேன். விற்றவர்களின் சர்வீஸ் ஆள் வந்து சேர இரண்டு நாள். வந்தவர் கேபிளைக் கையால் வளைத்துப் பார்த்தார், பத்து நிமிடத்தில் முடிந்தது. அந்த இரண்டு நாளும் 80 டன் பிரஸ் சும்மா நின்றது. இப்போது கூடுதலாக ஒரு கேபிள் வாங்கி வைத்திருக்கிறோம், பாராமீட்டர்களைத் தாளிலும் பென் டிரைவிலும் எடுத்து வைத்திருக்கிறோம், கேபிள் போகும் வழி முழுவதும் ரப்பர் உறை போட்டிருக்கிறோம். கன்ட்ரோல் பெட்டியின் விசிறி வலையில் எண்ணெய்ப் புகையும் தூசும் அடைக்கும். அதை மாதம் ஒரு முறை கழுவாவிட்டால் டிரைவ் சூடாகி நிற்கும். ஏர் ஃபீடருக்கு இந்தக் கவலை ஒன்றும் கிடையாது.

இரண்டுக்கும் பொதுவாக ஒன்று. காயிலில் இருந்து நேரடியாக ஃபீடரை இழுக்க விடாதீர்கள். 500 கிலோ காயிலை ஒவ்வொரு ஸ்ட்ரோக்கிலும் கிளப்பி நிறுத்த எந்த ஃபீடராலும் முடியாது. காயிலை அவிழ்த்துவிடும் டீகாய்லருக்கும் ஃபீடருக்கும் நடுவில் தளர்ந்து தொங்கும் லூப் இருக்க வேண்டும். அது குறையும்போது டீகாய்லரை ஓட்டும் சென்சார் சரியாக வேலை செய்ய வேண்டும். தகடு காயிலின் வளைவோடு வந்தால் ஸ்ட்ரெய்ட்னர் வேண்டும். பிட்ச் சரியில்லை என்று ஃபீடரைக் குறை சொல்லிக்கொண்டிருந்த பல நாளில் குற்றவாளி இறுகிப்போன லூப்தான். 100 மி.மீ. அகலம், 2 மி.மீ. தடிமனுள்ள இரும்புத் தகடு மீட்டருக்கு ஏறக்குறைய 1.6 கிலோ, மூன்று மீட்டர் லூப் தொங்கினால் ஐந்து கிலோவை ஃபீடர் ஒவ்வொரு முறையும் அசைக்கிறது. எடை கூடின தகட்டுக்கு ஏர் ஃபீடர் வாங்க நினைப்பவர்கள் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

0.2 மி.மீ. போன்ற மெல்லிய தகட்டில் இன்னொரு தொல்லை. எந்த ஃபீடர் தள்ளினாலும் ஃபீடருக்கும் டைக்கும் நடுவில் தகடு மேலே மடங்கும். இடைவெளியைக் குறைத்து, மேலும் கீழும் வழிகாட்டித் தகடு போட வேண்டும், அல்லது டையின் மறுபக்கம் வைத்து இழுக்க வேண்டும்.

வாங்கப் போகிறவர்கள் செயல்விளக்கத்துக்குப் போகும்போது உங்கள் காயிலிலேயே ஒரு துண்டை எடுத்துப் போங்கள், எண்ணெயைத் துடைக்காமல். விற்பவரின் சுத்தமான, உலர்ந்த, வளைவில்லாத ஸ்ட்ரிப்பில் எந்த ஃபீடரும் நன்றாகத்தான் ஓடும். உங்கள் பிட்ச்சில், உங்கள் வேகத்தில், பைலட் இல்லாமல் ஓட்டச் சொல்லுங்கள். முதல் ஐம்பது ஸ்ட்ரோக்கை அளக்காதீர்கள். மெஷின் சூடான பிறகு கடைசி ஐம்பதை அளங்கள். ஏர் ஃபீடர் என்றால் நடுவில் காற்றழுத்தத்தை அரை பார் குறைக்கச் சொல்லிப் பாருங்கள். சர்வோ என்றால் பவரை அணைத்துப் போட்டு எங்கிருந்து தொடங்குகிறது என்று பாருங்கள். சீல் கிட், கேபிள், டிரைவ் இவை எத்தனை நாளில் கைக்கு வரும் என்று எழுத்தில் வாங்குங்கள்.

இப்போது எங்களுக்கு 40 டன் பிரஸ் ஒன்று வரப் போகிறது. ஷாப்பில் எல்லோரும் அதற்கும் சர்வோதான் என்று நினைத்திருந்தார்கள். அதில் ஓடப்போவது ஒரே டை, 18 மி.மீ. பிட்ச், 0.6 மி.மீ. தகடு, நிமிடத்துக்கு 80 ஸ்ட்ரோக், நான்கு பைலட். குறைந்தது மூன்று வருடத்துக்கு வேலை மாறாது. நான் ஏர் ஃபீடருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதோடு ஒரு தனிக் காற்றுத் தொட்டி, பிரஷர் ஸ்விட்ச், முழுக் கவர், இரண்டு செட் ஓ-ரிங், டை முனைக்கு இரண்டு சென்சார். ஒன்று டையில், ஒன்று அலமாரியில்.